கம்மின்ஸ் 12 வால்வா, இன்றைய 6.7 லிட்டரா: டீசல் பிக்கப் வாங்குமுன்

அமெரிக்காவில் பெரிய டீசல் பிக்கப் ஓட்டுகிறவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு 1998-க்குப் பிறகு வந்த எதுவும் இன்ஜினே இல்லை. இன்னொரு கட்சிக்கு, புகை கக்கிக்கொண்டு காது கிழியக் கத்தும் அந்தப் பழைய வண்டிகள் எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டியவை. இரண்டு பக்கமும் ஆளுக்குப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

என் கணக்கு இதுதான். பழைய இன்ஜின் கொஞ்சம் கொஞ்சமாக, முன்கூட்டியே சத்தம் கொடுத்து, கைக்கு அடங்கும் செலவில் கெடும். புதிய இன்ஜின் பல வருடம் எந்தத் தொல்லையும் தராது; கெட்டால் ஒரே நாளில், பெரிய பில்லோடு கெடும். உங்கள் ஓட்டத்துக்கும் பாக்கெட்டுக்கும் இதில் எது தாங்கும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். குதிரைத்திறன், லோகோ எல்லாம் அப்புறம்.

பழையது என்றால் எது?

பழைய டீசல் என்று சொன்னாலே பெரும்பாலும் இரண்டு இன்ஜின்கள்தான் பேச்சில் வரும். ஒன்று, டாட்ஜ் ராம் வண்டியில் 1989 முதல் 1998 வரை வந்த 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் 12 வால்வு. மற்றொன்று, ஃபோர்டில் 1994 முதல் 2003 வரை வந்த 7.3 லிட்டர் வி8 பவர் ஸ்ட்ரோக். ஜிஎம் அந்தக் காலத்தில் போட்ட 6.5 லிட்டரைத் தேடி அலைகிறவர்கள் குறைவு; நாமும் அதைத் தாண்டிப் போகலாம்.

12 வால்வில் எல்லோரும் தேடுவது 1994 முதல் 1998 வரையிலான வண்டியை. காரணம், அதில் இருக்கும் பாஷ் பி7100 டீசல் பம்ப். ஆறு சிலிண்டருக்கும் ஆறு பிளஞ்சர்கள் வரிசையாக நிற்கும் முழு மெக்கானிக்கல் பம்ப் அது. இன்ஜின் ஆயிலே அதற்கும் மசகு. கம்ப்யூட்டருக்கு அங்கே வேலை இல்லை. ஓடும் இன்ஜினுக்கு மின்சாரம் வேண்டியது ஒரே ஓர் இடத்தில்தான்: டீசலைத் திறந்து பிடித்திருக்கும் சோலினாய்டு. அது கெட்டுப்போனாலும் லீவரைக் கம்பியால் தூக்கிக் கட்டிவிட்டு வீடு வந்து சேரலாம்; அப்படி வந்தவர்களும் உண்டு. புதிய வண்டியில் இதை நினைத்தே பார்க்க முடியாது.

7.3 கொஞ்சம் வேறு ரகம். இன்ஜின் ஆயிலையே பெரிய அழுத்தத்துக்கு ஏற்றி, அந்த ஆயிலால் இன்ஜெக்டரைத் தள்ளும் அமைப்பு அதில் இருக்கிறது. அதனால் ஆயில் மாற்றுவதில் சோம்பல்பட்டால் அது நேராக இன்ஜெக்டரில் தெரியும். கேம் பொசிஷன் சென்சார் என்று சின்னதாக ஒரு பொருள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று அணைந்துபோனால் முதலில் அதைத்தான் சந்தேகிப்பார்கள். விலை குறைவு, மாற்றுவதும் சுலபம். 7.3 ஓட்டுகிற பலர் டாஷ்போர்டு டப்பாவில் ஒன்றை ஸ்பேராகவே வைத்திருப்பார்கள்.

இவை சாகாவரம் பெற்ற இன்ஜின்கள் என்று சொல்வதை மட்டும் நம்பவேண்டாம். 12 வால்வின் முன்பக்கம், டைமிங் கியர் உறைக்குள், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு எஃகு ஊசி இருக்கிறது. உறையைச் சரியான இடத்தில் பொருத்துவதற்காகப் போட்டது. பொருத்தி முடித்ததும் அதன் வேலை முடிந்தது. ஆனால் வருடக்கணக்கான அதிர்வில் அது மெல்ல மெல்ல வெளியே நகரும். அதிர்ஷ்டம் இருந்தால் நேராக ஆயில் பேனில் விழும். இல்லாவிட்டால் கியர் பற்களுக்கு நடுவே போய் உறையை உடைக்கும். கேம் ஷாஃப்ட்டும் போகலாம். 'கொலைகார ஊசி' என்று ஓட்டுகிறவர்களே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தியமோ சின்னது: முன் கவரைக் கழற்றி, ஊசி நகராதபடி ஒரு தகட்டைப் போல்ட்டில் சேர்த்து இறுக்கினால் போதும். பழைய ராம் வாங்குகிறவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி, அந்தத் தகடு போட்டாயிற்றா என்பது.

பழைய இன்ஜினின் உண்மையான எதிரி அதைச் சுற்றியுள்ள வண்டிதான். ஐந்து லட்சம் மைல் ஓடக்கூடிய இன்ஜினை, அதில் பாதி தூரத்துக்குக்கூடத் தாங்காத கேபினில் வைத்திருந்தார்கள். அந்தக் கால ராமின் டாஷ்போர்டு வெயிலில் பாளம்பாளமாக வெடிக்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அந்த இழுவிசைக்கு முன்னால் திணறும்; மேனுவல் என்றால் ஐந்தாவது கியரைப் பிடித்திருக்கும் நட்டு கழன்று கியரே காணாமல் போகும். ஸ்டியரிங் இணைப்புகள் தேய்ந்தால் முன்பக்கம் முழுக்க உதறும். உப்புப் போடும் மாநிலங்களில் ஓடியிருந்தால் பிரேக் குழாயும் சேஸிஸும் துருதான். வண்டி சறுக்காமல் காக்கும் எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு, பின்னால் டிரெய்லரையும் கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகிற குடும்பம் இதை யோசித்துத்தான் ஆகவேண்டும்.

நடுவில் ஒரு குழப்பமான காலம்

2003 முதல் 2010 வரை வந்தவற்றில் நல்லதும் கெட்டதும் கலந்துகிடக்கின்றன. மிகவும் கவனமாக இருக்கவேண்டியது இங்கேதான். ஃபோர்டின் 6.0 லிட்டர், 2003-இல் 7.3-இன் இடத்தைப் பிடித்தது. ஆயில் கூலர் அடைத்துக்கொள்ளும், அதனால் இன்ஜினுக்குத் திரும்பப் போகும் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலர் வெடிக்கும், கடைசியில் ஹெட் கேஸ்கட் போகும். ஒன்று கெட்டால் அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போகும் இன்ஜின் அது. எல்லாவற்றையும் ஏற்கெனவே யாரோ செலவழித்துச் சரிசெய்து, ரசீதுகளும் கையில் இருந்தால் மட்டும் பார்க்கலாம். அதற்கு அடுத்து 2008-இல் வந்த 6.4-ஐ விட்டுவிடுங்கள். பலத்துக்குக் குறைவில்லை, ஆனால் பெரிய வேலை எதற்கும் கேபினையே தூக்கவேண்டும். புகைக்கரி வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்ய விடும் டீசல், இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும் தொல்லையும் உண்டு.

டாட்ஜில் குழப்பம் இதற்குச் சற்று முன்பே தொடங்கியது: 1998 நடுவிலிருந்து 2002 வரை வந்த 24 வால்வு கம்மின்ஸில் விபி44 என்ற பம்ப். டேங்கிலிருந்து டீசல் அனுப்பும் லிஃப்ட் பம்ப் பலவீனமானால், டீசல் போதாமல் இந்தப் பெரிய பம்ப் செத்துவிடும். அழுத்தமானி ஒன்றைப் பொருத்தி வைத்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே இரண்டு மாணிக்கங்களும் உண்டு. 2003 முதல் 2007 வரை வந்த காமன் ரயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே உயர் அழுத்தக் குழாய்) 5.9 கம்மின்ஸ் ஒன்று. 2006, 2007-இல் மட்டும் வந்த ஜிஎம்மின் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் எல்பிஇசட் மற்றொன்று. இரண்டும் புகைக்கரி வடிகட்டி வருவதற்கு முந்தைய கடைசி வண்டிகள். சத்தம் குறைவு, பலம் அதிகம். பழையது வேண்டும், ஆனால் தினமும் ஓட்டவும் வேண்டும் என்பவருக்கு நான் முதலில் கைகாட்டுவது இவற்றைத்தான். சந்தைக்கும் இது தெரியும். நல்ல நிலையில் இருக்கும் வண்டி மலிவாகக் கிடைக்காது.

புதியதில் என்ன மாறியது?

2007-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதி இறுகியதும் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி வந்தது. 2010-இன் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பை எட்ட, யூரியாக் கரைசலான டெஃப் திரவம் வந்தது. ராம் பிக்கப்பில் அது 2013-இல்தான் நுழைந்தது. புதிய வண்டிகளைப் பற்றிய புலம்பலில் பெரும்பகுதி இந்த இரண்டைச் சுற்றித்தான்.

ஆனால் முதலில் பலத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இதில் போட்டியே கிடையாது. 1996-இன் 12 வால்வு மேனுவல் வண்டி 215 குதிரைத்திறன், 440 பவுண்ட்-அடி டார்க். 2023-இல் வந்த ஃபோர்டு 6.7-இன் உயர்திறன் வடிவம் 500 குதிரைத்திறன், 1,200 பவுண்ட்-அடி. கனமான டிரெய்லரோடு மலையேறும்போது பழைய வண்டி லாரிகளோடு வலது ஓரத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்; புதியது பாரம் இருப்பதையே காட்டிக்கொள்ளாது. ஏற்றத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இறக்கம். புதிய வண்டிகளில், புகை வெளியேறுவதை மடக்கி இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் கம்பெனியிலேயே பொருத்தி வருகிறது. பொத்தானை அழுத்திவிட்டு, கால் பிரேக்கைத் தொடாமலே நீண்ட இறக்கத்தில் இறங்கிவிடலாம். பழையதில் அதை வாங்கித் தனியாகப் போடவேண்டும்.

மைலேஜ் விவாதத்துக்குள் நான் போகவில்லை. மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டைத் தாண்டும் இந்த வண்டிகளுக்கு அரசாங்க மைலேஜ் எண்ணே கிடையாது. எல்லாம் ஓட்டுகிறவர்கள் சொல்வது. அவர்கள் சொல்வதில் நல்ல நாள் மட்டும்தான் இருக்கும்.

இப்போது டிபிஎஃப். கரி நிறைந்ததும் வடிகட்டியைச் சுமார் 600 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, கரியை எரித்துவிடும். நெடுஞ்சாலையில் பாரத்தோடு போனால் இது நடப்பதே தெரியாது. ஊருக்குள் ஓட்டினால் நன்றாகத் தெரியும்: ஐடிலிங் ஏறும், ஃபேன் இரைச்சல் போடும், கீழேயிருந்து காந்தல் வாடை வரும். அந்த நேரம் பார்த்து வீடு வந்துவிட்டது என்று சாவியைத் திருப்பினால் வேலை பாதியில் நின்றுபோகும். இப்படியே பல தடவை ஆனால் வடிகட்டி அடைக்கும், எச்சரிக்கை விளக்கு எரியும், வண்டி பலத்தைக் குறைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடம், மளிகைக் கடை, ஏசியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஐடிலிங் என்று ஓடும் வண்டிக்குப் புதிய டீசல் பொருந்தவே பொருந்தாது. அப்படிப்பட்டவருக்குப் பெட்ரோல் பிக்கப்தான் சரி; டீசல் கட்சிக்காரர்கள் திட்டினால் திட்டட்டும்.

டிபிஎஃப்பைவிட நான் பயப்படுவது சிபி4 என்ற உயர் அழுத்தப் பம்ப்புக்கு. ஃபோர்டு 6.7-இல் 2011 முதல், டியூராமேக்ஸில் 2011 முதல் 2016 வரை, ராமில் 2019, 2020-இல் அது இருந்தது. பி7100-க்கு ஆயில் மசகு என்றால், இதற்கு டீசலேதான் மசகு. அமெரிக்க டீசலின் மசகுத்தன்மை விதி ஐரோப்பாவைவிடத் தளர்வானது: சோதனையில் தேய்மானத் தழும்பு அங்கே 460 மைக்ரான் வரைதான், இங்கே 520 வரை அனுமதி. பம்ப் உள்ளே தேய ஆரம்பித்தால் இரும்புத்தூள் டீசலோடு ரயில், இன்ஜெக்டர், டேங்கு வரைக்கும் போய்விடும். அப்புறம் பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. மொத்த அமைப்பையும் மாற்றவேண்டும். 10,000 டாலரைத் தாண்டும் பில் என்பது இதில் அதிசயமில்லை. ராம் தன் வண்டிகளைத் திரும்ப அழைத்து, முன்பு போட்டுவந்த சிபி3 பம்புக்கே போனது. ஜிஎம் 2017-இல் டென்சோ பம்புக்கு மாறியது.

ராமில் வரும் கம்மின்ஸ் 6.7-இலும் ஊசிக் கதை வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. குளிரில் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டரின் மின் இணைப்பு போல்ட் சூட்டில் அரித்துத் தளர்ந்து, நேராகச் சிலிண்டருக்குள் விழலாம். பழைய ஊசியாவது பல பேருக்கு ஆயில் பேனில் விழுந்தது; இது விழுந்தால் பிஸ்டன் போய்விடும். 2025 மாடலில் ஹீட்டரையே எடுத்துவிட்டு, சிலிண்டருக்குள்ளேயே சூடேற்றும் குளோ பிளக் போட்டுவிட்டார்கள்.

சரி, யாருக்கு எது?

வாரம் தவறாமல் பாரம் இழுப்பவர், வண்டி நின்றால் பிழைப்பு நிற்கும் என்பவர், 2017-க்குப் பிந்தைய டியூராமேக்ஸையோ 2021-க்குப் பிந்தைய ராமையோ பார்க்கலாம். வாரன்டி மிச்சம் இருந்தால் இன்னும் நல்லது. மாதத்தில் ஓரிரு நாள் மரமோ டிராக்டரோ ஏற்றிப்போக வண்டி வேண்டும், மற்ற நாள் சும்மா நிற்கும், ஸ்பேனர் பிடிக்கவும் தெரியும் என்றால் 12 வால்வும் 7.3-உம் அருமை. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாமல், வெறும் ஆசையில் பழையதை வாங்கினால் மாதாமாதம் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் அழவேண்டியிருக்கும். கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கு ஒரு கூடுதல் கணக்கு: 1997 வரையிலான டீசல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை கிடையாது, 1998 முதல் உண்டு.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது இன்ஜின் சூடாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விற்கிறவர் முன்னாலேயே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, திருகாமல் தலைகீழாக அந்த வாய்மேல் வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது. சிபி4 இருக்கும் புதிய வண்டியில் டீசல் ஃபில்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வெளிச்சத்தில் மினுமினுக்கும் தூள் தெரிந்தால் பேரமே பேசவேண்டாம். ஸ்கேனரில் வடிகட்டியின் கரி அளவையும், எத்தனை மைலுக்கு ஒருமுறை எரித்திருக்கிறது என்பதையும் பாருங்கள்.

டிபிஎஃப்பைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் போட்ட வண்டிகளும் சந்தையில் நிறைய உண்டு. 'டெலீட்' செய்த வண்டி, இனித் தொல்லையே இல்லை என்று அதை ஒரு சிறப்பாகவே சொல்லி விற்பார்கள். அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் அதைத் தடைசெய்கிறது. இன்ஜின் கட்டுப்பாட்டில் சட்டத்துக்கு மாறாக வேலை செய்ததாக வந்த வழக்கில் கம்மின்ஸ் நிறுவனமே 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு 2023 இறுதியில் ஒப்புக்கொண்டது. அந்த வண்டியை டீலர் தொடமாட்டார், வாரன்டி போய்விடும், சோதனை உள்ள மாநிலத்தில் பதிவும் ஆகாது. கழற்றிய பொருள்களைத் திரும்ப வாங்கிப் பொருத்துகிற செலவை விலையில் கழித்துப் பாருங்கள். பெரும்பாலும் அந்தக் கழிவுக்கு விற்கிறவர் ஒத்துக்கொள்ளமாட்டார்.