டி-72-ஐப் புதுப்பிப்பதா, அர்ஜுனைப் பெருக்குவதா?

இந்தியத் தரைப்படையிடம் உள்ள, சோவியத் வடிவமைப்பான டி-72 டாங்கிகள் ஏறக்குறைய 2,400. 1980-ஐ ஒட்டி வரத் தொடங்கிய அந்த வண்டிகளுக்குப் புது எஞ்சினும் புதுக் கண்களும் கொடுத்து இன்னும் பதினைந்து ஆண்டுகள் ஓட்டுவதா, அல்லது அதே பணத்தில் உள்நாட்டில் வடிவமைத்த அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கிகளைக் கூடுதலாகக் கட்டுவதா என்ற கேள்வி, உக்ரைன் போருக்குப் பிறகு மீண்டும் சூடாகியிருக்கிறது. ஓய்வுபெற்ற தொழில்நுட்பப் பணியாளர்கள் சிலர் கூடிப் பேசியபோது நான் டி-72-ஐப் புதுப்பிக்கும் பக்கமே நின்றேன். பழுதுபார்க்கும் பணிமனையில் காலம் கழித்தவனின் சாய்வு இது என்று வாசகர் முன்கூட்டியே கழித்துக்கொள்ளலாம்.

எல்லோரும் அறிந்தவற்றை விரைவாகக் கடந்துவிடுகிறேன். டி-72-இன் பீரங்கி 125 மில்லிமீட்டர், அர்ஜுனுடையது 120 மில்லிமீட்டர், இரண்டும் போதுமானவை. மேலிருந்து பாயும் ஏவுகணைக்கும் ட்ரோனுக்கும் இரண்டின் கூரையும் மெல்லியதே. கூரைமேல் கம்பிக் கூண்டு, தாக்கும் குண்டைத் தானே வெடித்து மழுக்கும் வெடிப்புக் கவசம், ட்ரோனின் அலைவரிசைத் தடுப்பான் ஆகியவற்றை எந்த வண்டியானாலும் தனியாகப் பொருத்தித்தான் ஆக வேண்டும். வீரரின் உயிர்ப் பாதுகாப்பில் அர்ஜுன் தெளிவாக முந்துகிறது. டி-72-இல் குண்டுகள் சுழல்கோபுரத்துக்கு நேர் கீழே வட்டமாக அடுக்கப்பட்டிருப்பதால் கவசம் துளைக்கப்பட்டால் கோபுரமே பிய்த்துக்கொண்டு பறக்கிறது. அர்ஜுனில் அவை தனி அறையில் உள்ளன. இதை மறுத்துப் பேசுவது நேர்மையாகாது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு, அதிலும் குறிப்பாக எஞ்சின். டி-72-இல் இப்போது இருப்பது 780 குதிரைத்திறன் எஞ்சின். ஏறக்குறைய 41.5 டன் எடைக்கு அது டன்னுக்குப் பத்தொன்பது குதிரைத்திறன்கூடத் தராது. வெடிப்புக் கவசமும் கூண்டும் ஏற்றிய பிறகு நிலைமை இன்னும் மோசம். 2025 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சகம் 24.8 கோடி டாலர் மதிப்பில் ரஷ்யாவின் ரோசோபோரோன் எக்ஸ்போர்ட் நிறுவனத்துடன் 1,000 குதிரைத்திறன் எஞ்சின்களுக்கு ஒப்பந்தம் செய்தது. கூடுதல் கவசத்தோடு வண்டி 44 டன் ஆனாலும் டன்னுக்கு 22-க்கு மேல் கிடைக்கும். 68 டன் எடையை 1,400 குதிரைத்திறனால் இழுக்கும் அர்ஜுன் மார்க் 1ஏ-க்குக் கிடைப்பது இருபதரை அளவே. இதைவிட முக்கியமானது, அந்த ஒப்பந்தத்தில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்குத் தொழில்நுட்பத்தை மாற்றித் தந்து பின்னர் உரிமத்துடன் உற்பத்தி செய்யவும் இடம் இருப்பதுதான். டி-72-இன் 780 குதிரைத்திறன் எஞ்சினையும் அதற்கடுத்த ரஷ்ய டாங்கியான டி-90-இன் 1,000 குதிரைத்திறன் எஞ்சினையும் ஆவடி எஞ்சின் தொழிற்சாலை முன்பே செய்து வருவதால், இந்த வேலை தெரிந்த கைகளுக்குத்தான் போகிறது.

ஆனால், டி-72-இல் எஞ்சின் மாற்றுவது சுலபமான வேலை அல்ல. எஞ்சின், இடைநிலைக் கியர்பாக்ஸ், இரு பக்கக் கியர்பாக்ஸ்கள் எல்லாம் தனித்தனியாக அமர்ந்திருப்பதால், புது எஞ்சினை இறக்கியபின் அவற்றை ஒரே அச்சில் நேர்ப்படுத்த வேண்டும். மயிரிழை பிசகினாலும் கியர்பாக்ஸ் கொஞ்ச நாளில் கெட்டுவிடும். களத்தில் இது ஏறக்குறைய ஒரு நாள் வேலை. அர்ஜுனில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்த ஒரே தொகுதியைக் கிரேன் தூக்கி வைத்துவிடும். நேரக் கணக்கில் மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. இருந்தும் நான் டி-72 பக்கம் சாய்வதற்குக் காரணம், மாற்றுவதற்கு ஒரு எஞ்சின் முதலில் கையில் இருக்க வேண்டும் என்பதே. அர்ஜுனின் எஞ்சின் ஜெர்மனியின் எம்டியு நிறுவனத்துடையது, கியர்பாக்ஸும் ஜெர்மனியின் ரெங்க் நிறுவனத்துடையது. நூற்றுச் சொச்சம் வண்டிகளுக்காக வெளிநாட்டு நிறுவனம் ஒரு உற்பத்தி வரிசையை நிரந்தரமாகத் திறந்து வைத்திருக்காது. 2021 செப்டம்பரில் ரூ. 7,523 கோடிக்கு ஆணை தரப்பட்ட 118 மார்க் 1ஏ வண்டிகள் தாமதமானதற்கு எஞ்சின் கிடைக்காததே பெரிய காரணமாகப் பேசப்பட்டது. பத்து வண்டிகள் நின்றால் நான்கின் பாகங்களைக் கழற்றி ஆறை ஓட்டும் வழக்கம் எந்தப் பணிமனைக்கும் புதிதல்ல. வண்டிகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் அந்த வழியும் சீக்கிரம் அடைபடும்.

எடையும் இந்தக் கணக்கில்தான் சேரும். படையிலுள்ள டபிள்யூஇசட்டி-3 மீட்பு வண்டி டி-72-இன் அடிச்சட்டத்தின்மீது கட்டப்பட்டது. தன் குடும்பத்து வண்டியைச் சேற்றிலிருந்து இழுப்பது அதற்கு இயல்பு, 68 டன்னை இழுப்பது வேறு விஷயம். பஞ்சாபின் கால்வாய்ப் பாலங்கள், இழுவை லாரிகள், ரயில் பெட்டிகள் என்று இந்தப் பட்டியல் நீளும். கிழக்கு லடாக்குக்கு 2020-இல் டி-72-உம் டி-90-உம் போனதற்கும் அர்ஜுன் ராஜஸ்தான் மணலிலேயே இருப்பதற்கும் எடை ஒரு முக்கியக் காரணம்.

மார்க் 1ஏ-வின் வாயு-எண்ணெய்ச் சஸ்பென்ஷனை நான் தொட்டு வேலை செய்ததில்லை. அதன் பயணம் மிருதுவாக இருக்கும் என்று ஓட்டியவர்கள் சொல்கிறார்கள், நம்புகிறேன். வாயுவும் எண்ணெயும் அடைத்த எந்த உறுப்பிலும் சீல்தான் முதலில் கேள்வி கேட்கும் என்ற பொதுவான பயம் எனக்கு உண்டு, அதற்கு மேல் சொல்ல அனுபவமில்லை. டி-72-இன் சஸ்பென்ஷனில் வாயுவும் எண்ணெயும் இல்லை, இரும்பு முறுக்குத்தண்டுதான்; அது உடைந்தால் உருவி எடுத்துப் புதியதைச் செருகலாம். மைசூருவில் பொதுத்துறை நிறுவனமான பெமல் வளாகத்தில் 2024 மார்ச்சில் முதன்முறை இயக்கப்பட்ட 1,500 குதிரைத்திறன் உள்நாட்டு எஞ்சின் தேறி, அர்ஜுனில் அமர்ந்து, ஆயிரக்கணக்கில் உற்பத்தியானால் என் வாதத்தின் பாதி விழுந்துவிடும்.

புது எஞ்சின் எல்லாவற்றையும் தீர்க்காது. டி-72 பின்னோக்கி மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும். ட்ரோன் வட்டமிடும்போது முகத்தைத் திருப்பாமல் பின்வாங்க வேண்டிய வண்டிக்கு அது ஆபத்தான குறை. குறை கியர்பாக்ஸில் இருப்பதால் குதிரைத்திறனைக் கூட்டுவதால் மட்டும் தீராது. ஆகவே எல்லா வண்டிகளையும் ஒரே தட்டில் வைத்துப் புதுப்பிக்கச் சொல்லமாட்டேன். அடிச்சட்டம் இன்னும் ஒரு முழு ஓவர்ஹாலைத் தாங்கும் வண்டிகளுக்கு முதலில் வெப்பப் பார்வைக்கருவி, பிறகு எஞ்சின், அதன்பின் கூரைப் பாதுகாப்பு என்ற வரிசை சரியாக இருக்கும். மிகப் பழையவற்றின் கோபுரத்தைக் கழற்றிவிட்டுப் பாலம் போடவும் கண்ணிவெடி அகற்றவும் அனுப்பலாம். அங்கேயும் ஆவடியின் அதே உதிரிபாகங்கள் பொருந்தும்.