பெரிய எழுத்து வேதாகமம், பாமாலை இணைப்புடன்: ஐந்துக்கு மூன்றரை

கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் பழைய வேதாகமத்தின் பொடி எழுத்து எனக்கு ஒத்துவரவில்லை. எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் சத்தமாக வாசிக்கிறவள் நான்தான். அதனால் சபையில் பாடுகிற பாட்டுப் புத்தகங்களான பாமாலை, கீர்த்தனையோடு சேர்த்துக் கட்டிய இந்தப் பெரிய எழுத்துப் பதிப்பை ஆன்லைனில் வாங்கினேன். அட்டையும் ஜிப்பும் உறுதி. கனம் அதிகம், மேஜையில் வைத்துத்தான் வாசிக்க முடியும்.

எந்த வேதாகமம் கைக்கு வந்தாலும், கடவுள் எப்படிப்பட்டவர் என்று சொல்கிற சில இடங்களை முதலில் திருப்பிப் பார்ப்பேன். முதலில் 90ஆம் சங்கீதம். மலைகள் தோன்றுமுன்னே அவர் தேவன்; ஆயிரம் வருஷம் அவருக்கு நேற்றுக் கழிந்த நாள்; நமக்கு எழுபது, பெலன் இருந்தால் எண்பது. அடக்க ஆராதனைகளில் கேட்டுப் பழகிய சங்கீதம். எழுத்து நல்ல கறுப்பு, வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம். “எழுபது நெருங்கினவங்களுக்குன்னே அச்சடிச்சிருக்கான்” என்றார் என் வீட்டுக்காரர்.

ஏசாயா 6ஆம் அதிகாரமும் அப்படியே. உசியா ராஜா இறந்த வருஷத்தில் தீர்க்கதரிசி கண்ட தரிசனம். சேராபீன்கள் என்ற தேவதூதர்கள் தங்கள் ஆறு செட்டைகளில் இரண்டால் முகத்தை மூடிக்கொண்டு “பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்” என்று கூப்பிடுகிறார்கள். பாவமே செய்யாத அவர்களே ஏன் முகத்தை மூட வேண்டும் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்பேன். பாவம் இல்லாமல் இருப்பது மட்டும்தான் பரிசுத்தம் என்றால் அவர்கள் முகத்தை மூடத் தேவையில்லையே. படைத்தவருக்கும் படைக்கப்பட்டதற்கும் இடையே அவ்வளவு தூரம். அதே மூன்று பரிசுத்தரும் அதே ஆறு சிறகுகளும் வெளிப்படுத்தல் 4:8-இல் திரும்ப வருகின்றன. ஆனால் இந்தப் பதிப்பில், ஒரு வசனத்தோடு தொடர்புள்ள மற்ற இடங்களைக் காட்டுகிற இணைவசனங்களை அடியோடு எடுத்துவிட்டார்கள். புதிதாக வாசிக்கிறவருக்கு அந்தத் தொடர்பு தெரியவே தெரியாது. எழுத்தைப் பெரிதாக்க இடம் வேண்டும், சரி. முக்கியமான சிலவற்றையாவது பக்கத்தின் அடியில் விட்டிருக்கலாம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது ஏசாயா 57:15-இல். நித்தியவாசி என்றும், பரிசுத்தர் என்ற நாமமுள்ளவர் என்றும் ஒரே வசனத்தில் வருகிற இடம் அது. உன்னதத்தில் வாசம்பண்ணுகிற அவரே, நொறுங்குண்டு பணிந்த ஆவியுள்ளவரிடத்திலும் வாசம்பண்ணுகிறதாகச் சொல்லுகிறார். இதில் வசனத்தின் முதல் பாதி வலது பக்கத்தின் கடைசியில், மீதி தாளைத் திருப்பினால்தான். சத்தமாக வாசிக்கும்போது உன்னதத்தோடு நின்று, எச்சில் தொட்டுத் தாளைப் பிரித்து, அப்புறம்தான் நொறுங்குண்டவரிடம் வர வேண்டியிருக்கிறது. தாளும் மெல்லிசு, இரண்டாக ஒட்டிக்கொள்கிறது. அந்த இடைவெளியில் கேட்கிறவர்களுக்குத் தூரத்தில் இருக்கிற கடவுள் மட்டும்தான் கிடைக்கிறார். பக்கம் அமைத்தவர் இரண்டு வரியைத் தள்ளியிருந்தால் போதும்.

இயேசுவின் வார்த்தைகளுக்குச் சிவப்பு எழுத்து. டியூப்லைட்டில் அது வெளிறிய ரோஸாகத் தெரிகிறது. யோவான் 8:58-இல், ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன் என்று அவர் சொன்னதும் கல்லெடுக்கிறார்கள். எரிகிற முட்செடியிலிருந்து கடவுள் தம் பெயராகச் சொல்லி மோசே கேட்ட ‘இருக்கிறேன்’ அல்லவா அது! அந்த வரியையே நான் பூதக்கண்ணாடி வைத்துத்தான் வாசித்தேன்.

பாமாலைப் பகுதி ஏமாற்றம். வேதாகமம் மட்டும் பெரிய எழுத்து. பாட்டெல்லாம் பழைய பொடி எழுத்துதான். ‘தூய தூய தூயா’ பாட்டில் அடிகளைப் பிரிக்காமல் உரைநடை போல ஓட்டியிருக்கிறார்கள். ரெஜினால்ட் ஹீபர் இங்கிலாந்தில் போதகராக இருந்தபோது திரித்துவ ஞாயிறுக்காக, அந்த வெளிப்படுத்தல் 4-ஐ வைத்து எழுதிய பாட்டு அது. கல்கத்தா பேராயராக வந்தவர், 1826 ஏப்ரலில் திருச்சியில் குளிக்கும் தொட்டியில் இறந்துபோனார், 42 வயது. அங்கே தூய யோவான் ஆலயத்தில்தான் கல்லறை. நாம் பாடுகிற ராகம் அவர் கேட்காதது. டைக்ஸ் என்பவர் அமைத்து 1861-இல் வெளிவந்தது. பாடத் தெரிந்தவர்கள் மனப்பாடமாகப் பாடிவிடுவார்கள். பேரப்பிள்ளைகள்தான் அடி எங்கே முடிகிறது என்று தடுமாறுகிறார்கள்.

தனியாக வாசிக்கிறவர்கள் வாங்கலாம். சபையில் வேதபாடம் வாசிக்கிறவர்கள் கடையில் நேரில் போய், ஏசாயா 57-ஐத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பாட்டுக்காக என்றால் வேண்டாம். பாமாலையைப் பெரிய எழுத்தில் தனிப் புத்தகமாகத் தேடிக்கொள்ளுங்கள்.