85,000 ரூபா கொடுத்து வாங்கிய பச்சை டிக்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் 'சரி, போகட்டும்' என்று விட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். கடைசியில் பத்து ஆலோசனையும் தருகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

களுவாஞ்சிகுடியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு தவணைக் கடை. டிவி, பிரிட்ஜ், தையல் மெஷின். வாங்குபவர்களில் பாதிப் பேர் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்காரர். மண்டூரில் பாதை (வாவியைக் கடக்கும் படகு) ஏறி, குருமண்வெளியில் இறங்கி வருவார்கள். மாதாமாதம் கட்டுகிறவர்களும் உண்டு, வேளாண்மை வெட்டிய கையோடு மொத்தமாகக் கட்டுகிறவர்களும் உண்டு. அத்தனை கணக்கும் பழைய அக்செஸ் கோப்பு ஒன்றில் கிடந்தது. 4,112 வாடிக்கையாளர். அதைப் புதிய மைஎஸ்கியூஎல் டேட்டாபேசுக்கு மாற்றித் தரத்தான் மட்டக்களப்பு டவுனில் சொப்ட்வெயார் செய்து கொடுக்கும் ஓர் இடத்தைப் பிடித்தேன். பேஸ்புக் விளம்பரம் பார்த்துத்தான். பேசியது 85,000 ரூபா. முற்பணம் 50,000, முடிந்ததும் 35,000.

வந்த பொடியன் நல்ல பணிவு. எங்கள் கடைக் கொம்பியூட்டரிலேயே பென்டாஹோ என்ற, தரவை ஓரிடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றும் டூலைப் போட்டு வேலையைத் தொடங்கினான். (அந்த டூலில் ஒரு குறையும் இல்லை. அதன் திரைக்கு ஸ்பூன் என்று பெயராம். எனக்கு வாய்த்தது ஓட்டைக் கரண்டி.) கட்டம் கட்டமாகப் போட்டுக் கோடிழுத்து ஓடவிட்டான். வரிகள் ஆமை வேகத்தில் ஏறின.

"ஏன் தம்பி இவ்வளவு மெதுவாப் போகுது?"

"ஒவ்வொண்டா வைச்சாத்தான் பத்திரம் அண்ணன். அவசரப்பட்டாப் பிழைச்சிரும்."

இந்த ஒரு பேச்சில்தான் நான் விழுந்தேன். இவ்வளவு கவனமான பிள்ளையா என்று மனைவியிடம் சொல்லி பிளேன்டீ போடச் சொன்னேன். கடைசியில் ஒவ்வொரு கட்டத்திலும் பச்சை டிக் வந்தது. "பாருங்க அண்ணன், ஒரு சிவப்பும் இல்ல." 35,000 ரூபாவை எண்ணிக் கையில் வைத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை. எத்தனை வரி ஏறியது என்றும் கேட்கவில்லை. பச்சையைப் பார்த்தேன், காசைக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் மண்டூரில் இருந்து ஒரு பிள்ளை, தையல் மெஷினுக்கு ஏழாவது தவணை கட்ட வந்தாள். அடையாள அட்டை இலக்கத்தை அடித்தேன், ஆள் இல்லை. பெயரை அடித்தேன், இல்லை. அவள் தவணை அட்டையைக் கண்ணாடி மேசையில் விரித்து, ஆறு கையெழுத்தையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். ஆறும் என் கையெழுத்து. "அப்ப நான் கட்டின காசு எங்க?" பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள்.

அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். புதியதில் 3,287 பேர். 825 பேரைக் காணவில்லை.

போன் எடுத்தால் முதல் நாள் "சேர்வர் பிரச்சினை அண்ணன்". அடுத்த நாள் "உங்கட டேட்டாதான் பிழை". அதற்கடுத்த நாள் "மீட்டிங்ல நிக்கிறன், மறுகா எடுக்கிறன்". அந்த மறுகா இன்னும் வரவில்லை. நேரே போனேன். முதலாளி என்கிறவர் நிமிர்ந்தும் பார்க்காமல், "வேலை முடிஞ்சுதானே காசு தந்தீங்க? திருப்பிச் செய்யிறதெண்டா 40,000" என்றார். 85,000 ரூபா வாங்கிய வாய் அது!

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்காவின் மகன் நேற்று வந்து, பொடியன் விட்டுப்போன பென்டாஹோ கோப்பைத் திறந்தான். டேபிளில் எழுதும் கட்டத்தில், இன்சேர்ட் பிழைகளைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு டிக் போடப்பட்டிருந்தது. அதைப் போட்டால் நுழைய முடியாத வரியை எறிந்துவிட்டு டூல் தன்பாட்டில் போய்க்கொண்டே இருக்கும். லொக்கில், அதாவது நடந்ததை எழுதி வைக்கும் பதிவில், அதிகபட்சம் 20 எச்சரிக்கை எழுதும், அப்புறம் வாயே திறக்காது. தொகுதி தொகுதியாக எழுதும்போது அந்த டிக் செல்லாதாம். அதனால் தொகுதி முறையையும் நிறுத்தி வைத்திருக்கிறான். ஆமை வேகம் அதனால்தான், பத்திரத்துக்காக இல்லை! கை தவறி நடந்தது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

மருமகன் ஒரு பிரதி எடுத்து, டிக்கை நீக்கி ஓடவிட்டான். உடனே சிவப்பு. பிழை 1406, தரவு நீளம் கூடிவிட்டது. அடையாள அட்டைக்கு 10 இடம்தான் விட்டிருக்கிறான். பழைய அட்டைக்கு ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், சரி. 2016இலிருந்து வரும் அட்டைக்கு 12 இலக்கம் என்பது இலங்கையில் யாருக்குத் தெரியாது? இளம் பிள்ளைகள் எல்லாரும் வெளியே போனது இதனால்தான். அதைத் திருத்தினால் 1062: ஒரே போன் இலக்கம் இரண்டு தரம் வரக்கூடாது என்று வைத்திருக்கிறான். தாயும் மகளும் ஒரே போனைக் கொடுக்கிற வீடு எங்கள் பக்கத்தில் எத்தனை! ஆள் நுழையாததால் அந்த ஆளின் தவணைக் காசும் நுழையவில்லை, அது 1452. மூன்று பிழை, ஒரு பின்னேர வேலை. இதை மறைக்கத்தான் 85,000 ரூபா.

சரி, ஆலோசனை. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணுங்கள், காசுத் தொகையையும் கூட்டிப் பாருங்கள். அந்த டிக் போட்டிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். நுழையாத வரிகள் காரணத்தோடு ஒரு தனிக் கோப்பில் விழும்படி அதே கட்டத்தில் இருந்து இன்னொரு கோடு இழுக்கலாம், அதை இழுக்காதவனுக்கு மீதிக் காசு கொடுக்காதீர்கள். பழைய கோப்பை அழிக்க விடாதீர்கள், நான் பிழைத்தது அதில்தான்.

பத்து என்று சொன்னேன், நாலுதான் வந்திருக்கிறது. கடையில் ஆள் வந்து நிற்கிறது, கையில் தவணை அட்டையோடு.