ஐந்து லீற்றர் ஒட்சிசன் செறிவாக்கியும் குமிழி சீபாப்பும்: வன்னியின் சிறு வைத்தியசாலைக்கு உகந்தவையா?

வெளிநாட்டிலுள்ள உறவுகள் எங்கள் சிறுவர் விடுதிக்கு அன்பளிப்புச் செய்த, நிமிடத்துக்கு ஐந்து லீற்றர் வரை தரும் ஒட்சிசன் செறிவாக்கியையும், அதனுடன் வந்த குமிழி சீபாப் (CPAP, மூச்சுப் பாதையில் இடைவிடாமல் அழுத்தம் கொடுக்கும் முறை) தொகுதியையும் ஒரு காலபோகம் முழுவதும் கையாண்ட தாதி என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

செறிவாக்கியை நான் மனநிறைவுடன் பரிந்துரைப்பேன். அறைக் காற்றை அழுத்தி, சியோலைட் என்ற கனிம மணிகளினூடாகச் செலுத்தி, நைதரசனைப் பிடித்துவைத்துக்கொண்டு, ஏறத்தாழ 90 சதவீதத்துக்கு மேற்பட்ட செறிவில் ஒட்சிசனைத் தரும் இக்கருவிக்குச் சுமார் 350 வாற்று மின்சாரம் போதும். நியூமோனியாவுடன் வரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு லீற்றரே தேவைப்படுவதால், பிரிகுழாய் பொருத்தினால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஏ9 வீதியிலிருந்து விலகிய ஊர்களில் சிலிண்டர் லொறிக்காகக் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் மின்சாரம் நின்றால் ஒட்சிசனும் நின்றுவிடும் என்பதால், நிரம்பிய சிலிண்டர் ஒன்று எப்போதும் அருகில் இருக்க வேண்டும். மாசி, பங்குனியில் அறுவடைப் புழுதி விடுதிக்குள்ளும் படிவதால், வடிகட்டியைக் கையேடு சொல்வதைவிட அடிக்கடி கழுவ நேர்ந்தது. செறிவு 82 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்காத மலிவுக் கருவியை எவரும் வாங்க வேண்டாம்.

குமிழி சீபாப் குறித்து அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியவில்லை. வெளிமூச்சுக் குழாயின் நுனியைப் போத்தல் நீரில் ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்தில் அமிழ்த்தினால், அந்த நீரின் அழுத்தமே நுரையீரலின் சிற்றறைகள் மூச்சு விட்ட பின்னும் ஒட்டிக்கொள்ளாமல் காக்கிறது. டாக்காவில் வைத்தியர் முகமது ஜோபாயர் சிஸ்தி ஷாம்பூ போத்தலைக் கொண்டே இதை அமைத்தார். 2015இல் லான்செற் மருத்துவ சஞ்சிகையில் வெளியான அவருடைய குழுவின் ஆய்வில், சாதாரண முறையில் ஒட்சிசன் பெற்ற பிள்ளைகளில் 15 சதவீதத்தினர் இறக்க, குமிழி முறையில் பெற்றவர்களில் 4 சதவீதத்தினரே இறந்தனர். ஆயினும், மலாவியின் மாவட்ட வைத்தியசாலை ஒன்றில் வைத்தியரின் நாளாந்த மேற்பார்வை இல்லாமல் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், குமிழி முறையில் 17 சதவீதத்தினரும் சாதாரண முறையில் 11 சதவீதத்தினரும் இறந்தனர். அங்கே சேர்க்கப்பட்ட பிள்ளைகள் பலர் போசாக்கின்மை, எச்.ஐ.வி. போன்ற பாதிப்புகளும் உடையவர்கள் என்பது உண்மைதான். எனினும் இரவில் முழு விடுதிக்கும் ஒரே தாதி நிற்கும் எங்களைப் போன்ற இடங்களுக்கு அந்த முடிவு மிக நெருக்கமானது. மூக்குக் குழாய் நழுவினால் அழுத்தம் போய்விடும், இறுகினால் மூக்குத் தண்டு புண்ணாகும், வயிறு காற்றால் உப்பினால் மூச்சு மேலும் முட்டும். இவற்றைக் கட்டிலருகே நிற்பவரே கண்டுகொள்ள முடியும். ஆகவே வைத்தியரும் போதிய தாதியரும் உள்ள பகற்பொழுதிலும், பிள்ளையை வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்ப அம்புலன்ஸ் ஆயத்தமாகும் இடைவேளையிலும் மட்டுமே நாங்கள் இதைப் பயன்படுத்துகிறோம்.

குறைமாதக் குழந்தைகளுக்கு இத்தொகுதி வேண்டவே வேண்டாம். அறைக் காற்றைக் கலந்து கொடுக்கும் வசதி இதில் இல்லை. அளவுக்கு மிஞ்சிய ஒட்சிசன் அவர்களுடைய விழித்திரையைக் கெடுத்துவிடும்.

அன்பளிப்புச் செய்ய எண்ணுவோர் செறிவாக்கியுடன், குருதியிலுள்ள ஒட்சிசன் அளவைக் காட்டும் பல்ஸ் ஒக்ஸிமீற்றரையும் மின்னழுத்த நிலைப்படுத்தியையும் சேர்த்து வாங்கித் தாருங்கள். எங்களுக்கு வந்த பெட்டியில் மூக்குக் குழாய் ஒரேயொரு அளவில்தான் இருந்தது, மற்ற அளவுகள் கிளிநொச்சியில் எங்கும் கிடைக்கவில்லை. எல்லா அளவுகளையும் மாற்று வடிகட்டிகளையும் தருவதாக விற்பவரிடம் எழுத்தில் வாங்கிய பின்னரே பணத்தைக் கொடுங்கள்.