கியூஆர் அட்டையா, பேமென்ட் கேட்வேயா?

காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்புகிறோம். மூன்று வருடம் கியூஆர் அட்டையிலேயே ஓட்டிவிட்டு, போன தீபாவளிக்கு முன்பு கேட்வேக்கு, அதாவது வாடிக்கையாளரிடம் ஆன்லைனில் பணம் வாங்கி எங்கள் கணக்கில் சேர்க்கும் சேவைக்கு மாறினோம். இரண்டையும் பார்த்த பிறகு என் ஓட்டு கேட்வேக்குத்தான்.

கியூஆரின் நல்லது எல்லோருக்கும் தெரியும். 2020 ஜனவரியிலிருந்து யூபிஐக்கு எம்டிஆர், அதாவது வியாபாரியிடம் பிடிக்கும் கட்டணம் கிடையாது. பணமும் உடனே கணக்கில் விழும். கேட்வேயில் பொதுவாக 2 சதவீதக் கட்டணம், அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 850 ரூபாய்ப் பார்சலில் 20 ரூபாய் போய்விடும். எங்களுக்குப் பணம் வர இரண்டு வேலைநாள் ஆகிறது. வெள்ளிக்கிழமை கட்டியது செவ்வாய்க்கிழமைதான் வரும். அதுவரை எண்ணெய்க்கும் வெல்லத்துக்கும் கையில் காசு வேண்டும். கேஷ் ஆன் டெலிவரி பலகாரத்துக்கு ஒத்துவராது. திரும்பி வந்த முறுக்கை யாருக்கு விற்பது?

சரி, பிறகு ஏன் மாறினோம்? எந்தப் பணம் யாருடையது என்று தெரிவதற்காக. இந்த ஒன்றுதான் காரணம்.

தீபாவளி நேரத்தில் நாளைக்கு ஐம்பது, அறுபது ஆர்டர் வரும். வாட்ஸ்அப்பில் ஆர்டர் சொல்வது அம்மா, பணம் போடுவது மகன். வங்கிக் கணக்கில் தெரிவதோ மகன் பெயரும் 12 இலக்க எண்ணும்தான். ஒரே நாளில் ஏழு பேர் 850 ரூபாய் போட்டிருப்பார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மனைவி ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து எண்ணை வாசிக்க, நான் ஸ்டேட்மென்ட்டில் தேடுவேன். பணமே வராத ஸ்கிரீன்ஷாட்டை நம்பி இரண்டு பார்சல் அனுப்பியிருக்கிறோம். அந்த நஷ்டத்தைக்கூடத் தாங்கலாம். மதுரையிலிருந்து வாங்கும் ஒரு அம்மாவிடம் பணம் வரவில்லை என்று கேட்டுவிட்டோம். “தம்பி, நான் அன்னிக்கே போட்டுட்டேனே” என்றார். மருமகன் பெயரில் வந்திருந்தது. மன்னிப்புக் கேட்டோம், ஆனால் அவர் அப்புறம் வாங்கவே இல்லை.

கேட்வேயில் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி லிங்க் அனுப்புகிறோம். ஆர்டர் எண் அதிலேயே இருக்கும். யார் கணக்கிலிருந்து கட்டினாலும் அந்த எண்ணுக்கு நேரே ‘பெய்ட்’ என்று வந்துவிடும். அது வந்த பிறகுதான் முகவரிச் சீட்டை அச்சிடுகிறோம். ஸ்கிரீன்ஷாட் கேட்கிற வேலையே இல்லை. மாதக் கடைசியில் அந்தப் பட்டியலை இறக்கி ஆடிட்டருக்கு அனுப்பிவிடுகிறோம். அந்த 20 ரூபாயை நான் கூலியாகத்தான் பார்க்கிறேன். அந்த வேலைக்கு ஆள் வைத்தால் இதைவிட அதிகம் ஆகும்.

குறை இல்லாமல் இல்லை. ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்பினால், கேட்வே எடுத்த கட்டணம் எங்களுக்குத் திரும்பவில்லை. அதனால் பெரிய ஆர்டருக்கு ஒருமுறை போனில் பேசி உறுதி செய்த பிறகே லிங்க் அனுப்புகிறோம். கார்டில் கட்டியவர் வங்கியில் புகார் கொடுத்தால் பணம் நிறுத்தப்படலாம். எங்களுக்கு ஒரே ஒரு தடவைதான் அப்படி வந்தது, கூரியர் ரசீது காப்பாற்றியது. வெளிநாட்டு ஆர்டர் மூன்று நான்குதான் பார்த்திருக்கிறோம். அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல மாட்டேன்.

நாளைக்குப் பத்து ஆர்டர்தான் என்றால் கியூஆரே போதும், நோட்டில் எழுதிச் சமாளிக்கலாம். ஆனால் வீட்டுச் செலவுக் கணக்கில் வாங்காமல் வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வாசலுக்கு வந்து வாங்குகிறவர்களுக்கு இன்றும் அதே பழைய கியூஆர் அட்டைதான்.