அரை மணிக்கு 35 வெள்ளி: அந்த பிரேக்கை நம்பலாம்

நிஜக் காரை ஓட்டுவதுபோல் இருக்கும் யந்திரங்களில் கார்ப் பந்தயம் ஆட ஒரு கடைக்குப் போய்வந்தேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. உரிமையாளர் என்னிடம் வண்டி ஓட்டக் கற்றவர். நல்லதாக எழுதினால் டீச்சர் விளம்பரம் செய்கிறார் என்பார்கள். குறை சொன்னால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் ஒரு பேரங்காடியின் மேல்மாடி, இம்பி மோனோரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். இவ்வளவு போதும். இருபத்தைந்து ஆண்டுகளாக ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லித்தரும் நான், செந்தூலில் ரயில் ஏறி, தீத்திவங்சாவில் மாறித்தான் போனேன். அந்த வட்டாரத்தில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைவதைவிட அது மேல்.

அழைத்துப்போனது அண்ணன் மகன். "அத்தை, அது கேம் இல்லை, சிமுலேட்டர்" என்று வழியெல்லாம் திருத்திக்கொண்டே வந்தான். அவன் அப்பா எண்பதுகளின் இறுதியில் 'அவுட் ரன்' ஆடியபோது அவரும் இதையேதான் சொன்னார்: "இது விளையாட்டு இல்லை, நிஜக் கார் மாதிரி." செகா 1986இல் விட்ட யந்திரம் அது. சிவப்புத் திறந்த கார், ஓட்டுபவன் அருகில் பொன்னிறக் கூந்தல் பெண், கடலோரத் தென்னைகள். அண்ணன் இருக்கையில், நான் இரண்டு பள்ளிப்பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு, சில்லறையைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி வெளியே. அந்த மரங்கள் மரங்களே அல்ல என்பது பின்னால்தான் தெரிந்தது. தட்டையான படத்தைத் தூரத்தில் சிறிதாகவும் கிட்டே வரவரப் பெரிதாகவும் காட்டிய வித்தை. நின்று சுற்றிப் பார்க்க அங்கே மறுபக்கமே கிடையாது.

என் தொழிலுக்கு நெருக்கமாக வந்த முதல் விளையாட்டு 1997இல் வெளிவந்த 'கிரான் டூரிஸ்மோ'. அண்ணன் இரண்டாம் கையாக வாங்கிய பிளேஸ்டேஷனில் ஆடினோம். அதில் பெரிய பந்தயங்களுக்குப் போக உரிமம் எடுக்க வேண்டும்! முதல் சோதனையே, வேகமெடுத்துப் போய்க் குறித்த கட்டத்துக்குள் வண்டியை நிறுத்துவது. அண்ணன் நான்கு முறை கட்டத்தைத் தாண்டினார். நான் அப்போதுதான் பயிற்சியாளர் உரிமத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரே சிரிப்பு. ஆனால் அவர்மேல் முழுப் பழியும் போடக்கூடாது. அவரிடம் இருந்த பழைய கட்டுப்பாட்டுக் கருவியில் பிரேக் என்பது ஒரு பொத்தான். அழுத்தினால் முழு பிரேக், விட்டால் ஒன்றுமில்லை. இடையில் வேண்டுமென்றால் பொத்தானைத் தட்டித் தட்டித்தான் ஓட்ட வேண்டும். முன்சக்கர இழுவை வண்டிக்கும் பின்சக்கர இழுவை வண்டிக்கும் வளைவில் என்ன வேறுபாடு என்று காட்டத் தெரிந்த அந்த விளையாட்டு, மனிதக் காலை மட்டும் விரல்நுனியாக்கிவிட்டது.

இனி கடைக்கு வருவோம். படத்தைப் பற்றி நீட்டப்போவதில்லை. மூன்று திரைகள், முகப்புக் கண்ணாடியில் வெயில், தாரில் டயர் தேய்ந்த கறுப்பு. ஐந்து நிமிடம் வாய் பிளந்தேன், பிறகு பழகிவிட்டது. அந்தக் கால பிளேஸ்டேஷனின் நினைவகம் 2 மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதற்குள் அடங்காது. கண்ணை ஏமாற்றுவது இப்போது பெரிய காரியமில்லை.

என்னை அசைத்தது பிரேக். பெடலில் கால் வைத்து வழக்கம்போல் மிதித்தேன். சுவரை மிதித்ததுபோல் இருந்தது, வண்டியோ நிற்கவில்லை. கால் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதை அது கணக்கெடுப்பதில்லையாம்; எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்பதை அளக்கும் உணரி உள்ளே இருக்கிறது. நிஜ வண்டியும் அப்படித்தான். என் மாணவர்களிடம் நான் நாள்தோறும் கத்துவதும் அதைத்தான்: பெடலைத் தள்ளாதே, அழுத்து, நிற்கப்போகும் நேரத்தில் கொஞ்சம் விடு. இரண்டாவது சுற்றில் வளைவுக்கு முன் பலமாக அழுத்தி, திருப்பத் திருப்ப மெல்ல விட்டேன். வண்டி மூக்கைத் தாழ்த்தி, பிறகு நிமிர்ந்து, சொன்ன பேச்சைக் கேட்டது. பொத்தானிலிருந்து இந்தப் பெடலுக்கு வருவதற்கு இத்தனை ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

ஸ்டீயரிங்கும் அப்படியே. கையில் கனத்தைக் காட்டும் மோட்டார் நேராக அதன் தண்டிலேயே இருக்கிறது. வேகமாக வளைவுக்குள் நுழைந்தேன். அதுவரை கனத்திருந்த ஸ்டீயரிங் சட்டென்று பஞ்சானது. காராக் நெடுஞ்சாலையில் மழைநாளில் முன்டயர் தண்ணீர்மேல் ஏறும்போது கையில் அதே இலேசுதான் வரும். வயிறு ஒருமுறை இறங்கியது.

ஆடியது 'அசெட்டோ கோர்சா', இத்தாலிய நிறுவனம் ஒன்று 2014இல் வெளியிட்டது. பத்தாண்டு தாண்டியும் அதை விட மனமில்லாத ரசிகர்கள் தாங்களே தடங்களைச் செய்து சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்ந்ததுதான் நம் செபாங் பந்தயத் தடமும். 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். முதல் வலது வளைவு சுருண்டுகொண்டே போய் இடது பக்கம் மடங்குவது அச்சு அசலாக இருந்தது. அங்கே நடந்த 2001 ஃபார்முலா 1 பந்தயத்தை அண்ணனோடு புல்மேட்டில் உட்கார்ந்து பார்த்தேன். தொடங்கிய சில சுற்றுகளிலேயே மழை கொட்டியது. ஃபெராரி ஓட்டுநர்கள் ஷூமாக்கரும் பாரிச்செல்லோவும் தடத்தைவிட்டு வழுக்கி வெளியே போய், பிறகு திரும்பி வந்து முதல் இரண்டு இடங்களையும் பிடித்தார்கள். எனக்குச் செபாங் என்றால் அந்த மழைதான். "மழை போடப்பா" என்றேன். அதற்கான கூடுதல் மென்பொருளை இன்னும் ஏற்றவில்லை என்றான் கடைப் பையன். மழை பெய்யாத செபாங், உறைப்பில்லாத சம்பல்.

குறைகள் இன்னும் உண்டு. இருக்கையை யாரோ ஆறடி ஆணுக்கு அளவெடுத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்துத்தான் எனக்குப் பெடல் எட்டியது. கையுறை பொதுச்சொத்து, முகர்ந்து பார்க்காதீர்கள். குளிரூட்டியை மீன் பதப்படுத்தும் அளவுக்கு வைத்திருக்கிறார்கள். கியர் தண்டு வலப்பக்கம். நம் வண்டிகளில் இடக்கையால் கியர் மாற்றியே பழகிய எனக்கு முதல் பத்து நிமிடமும் இடக்கை காற்றைப் பிடித்தது. தண்டை இடப்பக்கம் மாற்றிப் பூட்டச் சில திருகுகள் போதும். செய்யலாமே, தம்பி?

ஓட்டக் கற்றுக்கொள்ள இங்கே போகலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பிரேக்குக்குப் போங்கள், மற்றதற்கு வேண்டாம். மூன்று முறை சுவரில் மோதினேன். ஒரு பொத்தானை அழுத்தியதும் புது வண்டி வந்துவிட்டது. உடம்பு முன்னால் எறியப்படவில்லை, இருக்கைவார் நெஞ்சை அறுக்கவில்லை. மோதுவதற்கு முன் அடிவயிற்றில் வரும் அந்தக் குளிர் எனக்கு ஒருமுறைகூட வரவில்லை.

அப்படித்தான் நினைத்தேன். என் அரை மணி முடிந்து அண்ணன் மகன் உட்கார்ந்தான். இடப்பக்கம், பயிற்சியாளர் இருக்கை இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு கைப்பைகளையும் பிடித்துக்கொண்டு நின்றேன். நேர்ப்பாதையின் முடிவில் அவன் பிரேக்கைத் தொடவே இல்லை. என் வலக்கால் தானாக எழும்பித் தரையை ஓங்கி மிதித்தது. பக்கத்து யந்திரத்தில் இருந்தவர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.