ஹெக்ஸன்: மௌனப் படத்துக்கு மனோதர்ம இசை

ஸ்வீடிஷ் மொழியில் ‘ஹெக்ஸன்’ என்றால் சூனியக்காரி. டென்மார்க்காரர் பெஞ்சமின் கிறிஸ்டென்சன் இயக்கி 1922இல் வெளிவந்த இந்த மௌனப் படத்தை நேரடி இசையோடு எங்காவது திரையிட்டால், டிக்கெட் எடுக்கும் முன் ஒரு கேள்வி: படம் எத்தனை நிமிடம்? சுமார் 105 என்றால் நொடிக்கு 20 பிரேம் வேகத்தில் முழுப் படம்; தயங்காமல் போகலாம். 87ஐ ஒட்டி என்றால் அதையே 24 பிரேமில் ஓட்டுகிறார்கள். படத்தில் வரும் துறவிகள் குதித்துக் குதித்து நடப்பார்கள். 77 என்றால் அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பர்ரோஸின் குரலும் ஜாஸ் இசையும் சேர்த்த 1968ஆம் ஆண்டின் சுருக்கப் பதிப்பு. அதன்மேல் இன்னொரு குழு வாசிப்பதில் அர்த்தமே இல்லை.

வேகம் இசைக்காரர்களையும் கவிழ்க்கும். 20 பிரேமில் ஒத்திகை பார்த்துவிட்டு மேடையில் 24இல் ஓட்டினால், ஒத்திகையில் ஒரு மணி நேரத்தில் வந்த காட்சி 50ஆவது நிமிடத்திலேயே வந்து நிற்கும். குறித்து வைத்த நேரமெல்லாம் வீண்.

இதைப் பேய்ப் படம் என்று நினைத்து வாசிக்கும் குழுக்கள்தான் பெரும்பாலும் சொதப்புகின்றன. ஏழு பாகங்களில் முதல் பாகம் கிட்டத்தட்ட ஒரு வகுப்பு: பழைய மரச்செதுக்குப் படங்கள், அவற்றைச் சுட்டிக்காட்டும் ஒரு குச்சி. இங்கேயே அடித்தொண்டை உறுமலும் கிறீச்சிடும் வயலினும் தொடங்கிவிட்டால் பிறகு ஏற இடமிருக்காது. ஒற்றைக் கருவி போதும். காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகள் நீளமானவை, படிக்கவும் விட வேண்டும். இரண்டாம் பாகத்தில் வசிய மருந்து குடித்த பருத்த துறவி பெண்ணைத் துரத்தும் இடம் அசல் நகைச்சுவை. அரங்கு சிரிக்கவில்லை என்றால் தப்பு பெரும்பாலும் இசையில்தான். 1922 நவம்பரில் கோபன்ஹேகனில் திரையிட்டபோது ஷூபர்ட், குளுக், பீத்தோவன் என்றுதான் வாசித்தார்கள். படம் முழுக்கத் திகில் அல்ல.

நெசவுக்காரக் கிழவி மரியா சித்திரவதை தாங்காமல் தான் சூனியக்காரி என்று ஒப்புக்கொள்ளும்போது கேமரா மீண்டும் மீண்டும் அவள் முகத்துக்கே வரும். அவள் சொல்லச் சொல்ல, சாத்தானின் கூட்டமும் துடைப்பத்தில் பறக்கும் பெண்களும் திரையில் விரிகிறார்கள். தாளக்காரர் தனி ஆவர்த்தனத்தையே இறக்கினாலும் இங்கே பொருந்தும். ஆனால் முகத்துக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் சட்டென்று நிறுத்தத் தெரிய வேண்டும். நிறுத்தாவிட்டால் கிழவி நிஜமாகவே பறந்தாள் என்று இசையே சாட்சி சொன்னது போலாகிவிடும்.

இன்னொரு பொறி, இடி. சிறையிலிருக்கும் ஆன்னாவிடம், இடி வரவழைக்கும் வித்தையைச் சொன்னால் தப்பவிடுகிறேன் என்று ஒரு துறவி ஆசை காட்டுகிறான். அது வஞ்சகம், திரையில் இடியே இல்லை. முரசு அதிர்ந்தால் காட்சி செத்தது. இந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் தாளக்காரர் இருந்தால், அந்தக் குழுவை நம்பி எந்தப் படத்துக்கும் போகலாம்.

மேடை ஏற்பாட்டையும் கவனியுங்கள். இசைக்காரர்கள் திரைக்கு நேர் கீழே உட்கார்ந்தால் அண்ணாந்து பார்த்தே கழுத்து போய்விடும். ஓரமாக உட்கார்த்தி, ஆளுக்கொரு சிறு திரை வைப்பதே சரி. இசைக் குறிப்பைப் படிக்க வைக்கும் விளக்கின் வெளிச்சம் படத்தில் பட்டால் நீலச் சாயம் ஏற்றிய இரவுக் காட்சிகள் வெளுத்துவிடும். மூன்று நான்கு பேர் போதும். எட்டுப் பேர் சேர்ந்தால் யாரும் யாருக்கும் வழிவிடுவதில்லை. ஒலிபெருக்கி பக்கத்து இருக்கைகளைத் தவிர்த்து, நடு வரிசை எடுங்கள்.

ஏழாம் பாகம் 1920களின் ஹிஸ்டீரியா நோயாளிகளைப் பற்றியது. இதில் பல குழுக்கள் களைத்து, பழையதையே திருப்பி வாசிக்கின்றன. கடைசியில் வருவது சூனியக்காரிகளைக் கட்டி எரிக்கும் கம்பங்கள். அங்கே இசை படத்துக்கு முன்பே ஓய்ந்துவிட வேண்டும். அரங்க விளக்கைப் போடுகிறவரிடமும் பத்து நொடி பொறுக்கும்படி முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.